தட்டு கழுவ யார் வருவாங்க?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாப் படிச்சுட்டு உங்க கருத்தைச் சொல்லுங்க. இது ஆலய நிர்வாகத்தோட அறிவிப்பு இல்லை. வெள்ளிக்கிழமை அன்னதானத்துல நிக்கிற ஒரு தொண்டரோட சொந்தக் கருத்து மட்டுமே.

ஒவ்வொரு செமஸ்டர் தொடங்கினதும் பினாங்கு சுற்றுவட்டாரக் கல்லூரிகள்ல இருந்து நம்ம ஆலயத்துக்குக் கடிதம் வர ஆரம்பிச்சிடும். பசுமை வாரம், நிலைத்தன்மை விழா, புவி நாள் நிகழ்ச்சின்னு பேர் மட்டும் மாறும். கேட்கிறது ஒண்ணுதான்: ஒரு சனிக்கிழமை காலையில வந்து கோத்தோங் ரோயோங் செய்ய அனுமதி வேணும். நாமும் சந்தோஷமா அனுமதி கொடுத்துடுவோம். பிள்ளைங்க கோயில் வாசலை மிதிக்கிறதே பெரிய விஷயம்னு நினைக்கிறவங்க நாம.

காலை 8 மணிக்குப் பஸ் வரும். எல்லாரும் ஒரே நிறத்துல டி-சட்டை. பேனர் கட்டுவாங்க. ஒருத்தர் பேசுவார். அப்புறம் கையுறை போட்டுக்கிட்டு வளாகத்தைக் கூட்டுவாங்க, கால்வாயைச் சுத்தம் செய்வாங்க. அரச மரத்தடி இலையெல்லாம் கறுப்புப் பையில கட்டி வெச்சிடுவாங்க. 11 மணிக்குக் குழுப்படம், பசியாறை, கிளம்பிடுவாங்க.

இதுல யாரையும் குறை சொல்ல வரலை. வெயில்ல நின்னு வேலை செய்ற பிள்ளைங்க. ஆனா ஒரு விஷயத்தை யோசிங்க. நம்ம ஆலயத்துல குப்பை சேர்ற நேரம் சனிக்கிழமை காலை இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு மேலே. அன்னதானம் முடியற நேரம். அந்தக் குப்பையை ராத்திரியே நாமளே கட்டித் தோங்குல போட்டுடுறோம். பிள்ளைங்க மறுநாள் வரும்போது மிச்சம் இருக்கிறது அரச இலைதான். மண்ணுல விட்டா உரமாகக்கூடிய இலை. அதைத்தான் பிளாஸ்டிக் பையில அடைச்சுக் குப்பைமேட்டுக்கு அனுப்புறோம்.

அதனால என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். கல்லூரிப் பிள்ளைங்க நமக்குத் தேவை. ஆனா சனிக்கிழமை காலையில இல்லை, வெள்ளிக்கிழமை ராத்திரி. துடைப்பம் பிடிக்க இல்லை, தட்டு கழுவ.

ஏன் இப்படிச் சொல்றேன்னா, கல்லூரிகள்ல நடந்த சுற்றுச்சூழல் நிகழ்ச்சிகள்ல எது நிலைச்சு நின்னுச்சு, எது மறுநாளே மறைஞ்சுபோச்சுன்னு பார்த்தா ஒரு பாடம் தெரியுது.

புவி நாளையே எடுத்துக்கங்க. 1970 ஏப்ரல் 22-ஆம் தேதி அமெரிக்காவில் முதன்முதலாக நடந்தது. கேலோர்ட் நெல்சன் என்ற செனட்டரின் எண்ணம் அது. வகுப்பறையை விட்டு வெளியே வந்து மாணவர்கள் ஒரு விஷயத்தைப் பேசி விவாதிக்க வேண்டும் என்றுதான் கல்லூரி வளாகங்களைக் குறிவைத்துத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 2 கோடி பேர் கலந்துகொண்டதாகச் சொல்கிறார்கள். அந்தக் கூட்டம் அன்றைக்கே கலைந்திருக்கும். ஆனால் அதே ஆண்டு டிசம்பருக்குள் அந்நாட்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கென்று தனி அரசு அமைப்பே தொடங்கப்பட்டது. காற்று மாசைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது. அதாவது, நிகழ்ச்சி முடிஞ்சதும் ஒரு விதி மிச்சமாச்சு.

நம்ம பினாங்குலயே ஓர் உதாரணம் இருக்கு. குளுகோர் பக்கம் மிண்டனில் இருக்கிற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், நாம யூஎஸ்எம்னு சொல்றது. ஒரு காலத்துல பிரிட்டிஷ் ராணுவ முகாமா இருந்த இடம். மரங்களை அழிக்காம, பூங்காவுக்குள் ஒரு பல்கலைக்கழகம்ங்கிற எண்ணத்தோட வளர்ந்த வளாகம். அங்க மாணவர்கள் பொலிஸ்டரின் சாப்பாட்டுப் பெட்டிக்கு எதிரா ஓர் இயக்கம் நடத்தினாங்க. அந்த வெள்ளைப் பெட்டிக்கு அவங்க வெச்ச பேரு வெள்ளைச் சவப்பெட்டி. பேரைக் கேட்டாலே மனசுல நிக்குதில்லையா? ஆனா பேரோட நிறுத்தலை. வளாகத்துச் சாப்பாட்டுக் கடைகள்ல அந்தப் பெட்டியே வேண்டாம்னு ஆக்கினாங்க. தாப்பாவ் பண்ணணும்னா வீட்டுல இருந்து டப்பா கொண்டு வரணும். அதுதான் மாற்றம். பிறகு 2012-ல பினாங்கு மாநிலமே சாப்பாட்டுக்குப் பொலிஸ்டரின் பயன்படுத்தத் தடை போட்டது நமக்குத் தெரியும்.

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் இதே மாதிரிதான். உணவுக் கழிவை வளாகத்துக்குள்ளேயே உரமாக்குகிற வேலையைத் தினசரி வேலையாக வைத்திருக்கிறார்கள். ஒருநாள் விழாவாக இல்லை. தினமும் யாரோ ஒருவர் எடைபோட்டு, கிளறி, ஈரம் பார்த்துக்கொண்டிருந்தால்தான் உரம் உரமாக வரும். இல்லாவிட்டால் நாற்றம்தான் வரும்.

ஆக, ஒரு பசுமை நிகழ்ச்சி நல்லதா இல்லையான்னு கேட்டா, எத்தனை பேர் வந்தாங்கன்னு பார்க்காதீங்க. பேனரைக் கழட்டின மறுநாள் என்ன மாறியிருக்குன்னு பாருங்க.

இப்ப நம்ம ஆலயத்துக்கு வருவோம்.

பொலிஸ்டரின் தடை வந்தப்ப நாமும் மாறினோம். வெள்ளைப் பெட்டி போச்சு. அதுக்குப் பதிலா காகிதத் தட்டு, காகிதக் கப், பிளாஸ்டிக் கரண்டி வந்துச்சு. பொருள் மாறுச்சு, பழக்கம் மாறலை. ஒருதடவை சாப்பிட்டுத் தூக்கிப் போடுறது அப்படியேதான் இருக்கு.

காகிதம்தானே, மக்கிடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நாம ரசம் ஊத்திக் குடிக்கிற காகிதக் கப் ஏன் ஊறிப்போகாம இருக்கு? உள்பக்கம் மெல்லிசா பிளாஸ்டிக் பூச்சு இருக்கு. அதனால அது சாதாரணக் காகிதத்தோட மறுசுழற்சிக்கும் போகாது, சுலபத்துல மக்கவும் மக்காது. சோளத்துல செஞ்சது, மக்கும்னு பெட்டியில பச்சை இலை படம் போட்டு விக்கிறாங்களே, அந்த வகைக் கப் பெரும்பாலும் 60 டிகிரி அளவுக்குச் சூடு இருக்கிற தொழிற்சாலை உரக்கிடங்குலதான் ஒழுங்கா மக்கும். நம்ம தோங்குல போட்டா அதுவும் மத்த குப்பையோட குப்பைதான்.

ஒரு சின்னக் கணக்கு. வெள்ளிக்கிழமை 300 பேர் சாப்பிடுறாங்கன்னு வெச்சுக்குவோம். ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு கப், ஒரு கரண்டி. 900 பொருள். ஆண்டுக்கு 52 வெள்ளி. 46,800 பொருள். ஒவ்வொண்ணும் நம்ம கையில இருந்தது 15 நிமிஷம். தைப்பூசம், பங்குனி உத்திரம், நவராத்திரி எதுவும் இதுல சேர்க்கலை.

இதெல்லாம் எங்கே போகுது? தீவில் சேரும் குப்பை பத்து மாவுங் நிலையத்திலிருந்து கடல் தாண்டி, நிபோங் திபால் பக்கம் இருக்கும் பூலாவ் புரோங் குப்பைமேட்டுக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அங்கே தீப்பிடித்ததே, ஞாபகம் இருக்கா? அணைக்கப் பல நாள் ஆனது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் சுற்றுவட்டாரத்து ஜனங்கள். அங்கேயும் நம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கு, அங்கேயும் கோயில் இருக்கு. இங்கே நாம் புண்ணியம் தேடிப் போடுகிற சோற்றின் மிச்சம், அங்கே இன்னொருத்தர் வீட்டு வாசலில் புகையாகப் போய் நிற்கலாமா?

சரி, வாழையிலை போடலாமேன்னு கேப்பீங்க. நல்லதுதான். ஆனா வாழையிலையும் மீந்த சோறும் மத்த குப்பையோட சேர்ந்து குப்பைமேட்டுக்குப் போச்சுன்னா, காற்றுப்படாம புதைஞ்சு அழுகி மீத்தேன் வாயு வரும். கரிவளியைவிடப் பல மடங்கு அதிகமா வெப்பத்தைப் பிடிச்சு வைக்கிற வாயு அது. இலையைத் தனியா எடுத்து உரமாக்குறதா இருந்தா மட்டும்தான் அது பசுமை. எப்படிப் பார்த்தாலும், சாப்பிட்டு முடிச்ச பிறகு யாராவது நின்னு வேலை செய்யணும். அதைத் தட்டிக்கழிக்க ஒரு வழியும் கடையில விக்கலை.

குருத்துவாராவுக்குப் போயிருக்கீங்களா? பினாங்கிலும் இருக்கு. யார் போனாலும் சாப்பாடு. எவர்சில்வர் தட்டு. சாப்பிட்டு முடிச்சா தட்டு கழுவுற இடத்துக்குப் போகும். அங்கே சேவைக்கு வந்தவங்க வரிசையா நின்னு கழுவுவாங்க. அமிர்தசரஸ் பொற்கோயிலில் தினமும் பல்லாயிரம் பேர் இப்படித்தான் சாப்பிடுகிறார்கள். அங்க தட்டு கழுவுறது வேலைக்காரங்க வேலை இல்லை. அதுவே வழிபாடு. பணம் உள்ளவர், பதவியில் இருப்பவர் எல்லாரும் நிக்கிறாங்க. அவங்களால முடியுது, நம்மால ஏன் முடியலை?

காரணம் நமக்கே தெரியும். நம்ம கோயில்ல பரிமாற ஆள் இருக்கு. கழுவ ஆள் இல்லை.

பரிமாறும்போது கரண்டி பிடிக்கப் போட்டி இருக்கும். உபயக்காரர் குடும்பம் வரிசையா நிக்கும், படம் எடுப்பாங்க. ஆனா பின்னாடி குழாயடியில அண்டா, குண்டான், கரண்டியெல்லாம் கழுவுறது யாரு? நாலஞ்சு அக்காமார். எல்லாரும் அறுபதைத் தாண்டினவங்க. முட்டி வலியோட குந்தி உட்கார்ந்து, ராத்திரி பத்தரை வரைக்கும் கழுவிட்டு, சேலை நனைஞ்சபடியே வீட்டுக்குப் போறாங்க. ஆம்பளைங்க நாம பரிமாறி முடிச்சதும் கோயில் முன்மண்டபத்துல பேசிக்கிட்டு நிக்கிறோம்.

இந்த நிலைமையில 300 தட்டும் 300 டம்ளரும் வாங்கிப் போட்டா என்ன ஆகும்? அந்தச் சுமையும் அதே அக்காமார் தலையிலதான் விழும். அப்புறம் நாம வாசல்ல பசுமை ஆலயம்னு பேனர் கட்டிப் படம் எடுத்தா, அது பசுமை இல்லை, பாவம். எவர்சில்வர் தட்டுப் பேச்சு நிர்வாகக் கூட்டத்துல வந்தப்பல்லாம் நின்னுபோனது செலவுனால மட்டும் இல்லை. தட்டு கழுவ யார் வருவாங்கங்கிற கேள்விக்கு யாரும் பதில் சொல்லலை.

இப்ப பதில் சொல்ல ஒரு வாய்ப்பு இருக்கு. அந்தக் கல்லூரிக் கடிதங்கள்தான் அது.

பல பல்கலைக்கழகங்கள்ல மாணவர்கள் புறப்பாடம், சமூகச் சேவைன்னு செஞ்சு காட்ட வேண்டியிருக்கு. நல்லா நடக்கிற வளாக நிகழ்ச்சிகள்ல பிள்ளைங்க சில விஷயங்களைப் பழகியும் வெச்சிருக்காங்க. குப்பைத் தொட்டி மூணு வெச்சா மட்டும் போதாது, பக்கத்துல ஒருத்தர் நின்னு, இது இதுல போடுங்கன்னு சொல்லணும், இல்லைன்னா பத்து நிமிஷத்துல எல்லாம் கலந்துடும்னு அவங்களுக்குத் தெரியும். நிகழ்ச்சி முடிஞ்சதும் குப்பையைத் தராசுல நிறுத்து எழுதி வைக்கிற பழக்கம் இருக்கு. இதெல்லாம் நமக்கு அவங்க கத்துக்கொடுக்க வேண்டிய விஷயம்.

அதனால என் யோசனை இதுதான். அடுத்த நிர்வாகக் கூட்டத்துல எழுத்துமூலமா வைக்கப் போறேன்.

ஒண்ணு, வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு மட்டும் முதல்ல எவர்சில்வர் தட்டு, டம்ளர். பெரிய திருவிழாவை இப்போ தொட வேண்டாம். ஆயிரக்கணக்கானவங்க வர்ற நாள்ல கழுவி முடியாது. அன்னிக்கு இலையோ பாக்குமட்டைத் தட்டோ போட்டு, அதைத் தனியா எடுக்கிற ஏற்பாடு பண்ணலாம்.

ரெண்டு, சனிக்கிழமை காலை கோத்தோங் ரோயோங் கேட்டு வர்ற கல்லூரிக்கு நாம இப்படிப் பதில் எழுதணும்: வாங்க, ஆனா வெள்ளி ராத்திரி எட்டுல இருந்து பத்து வரைக்கும் வாங்க. ஒரே நாள் 40 பேர் வேண்டாம். வாரத்துக்கு ஆறு பேர் போதும். செமஸ்டர் முழுக்க மாறி மாறி வாங்க. 600 பொருளை ஆறு பேர் பகிர்ந்தா ஆளுக்கு 100. உட்கார வேண்டியதில்லை, நின்னபடி கழுவுற மாதிரி இடுப்பளவு மேடை ஒண்ணு நாம கட்டித் தரணும்.

மூணு, பிள்ளைங்களை மட்டும் நிக்க வெச்சா அது நியாயம் இல்லை. அந்த வார உபயக்காரர் குடும்பத்துல இருந்து ரெண்டு பேர், நிர்வாகத்துல இருந்து ஒருத்தர், அரை மணி நேரமாவது கழுவுற இடத்துல நிக்கணும். தலைவரும் சேர்த்துத்தான். கல்லூரி விடுமுறையில பிள்ளைங்க ஊருக்குப் போயிட்டாலும் வேலை நிக்காம இருக்க இதுதான் வழி.

நாலு, மாசத்துல ஒருநாள் குப்பையை நிறுத்து, அறிவிப்புப் பலகையில எழுதிப் போடணும். கூடுதா குறையுதான்னு பக்தர்களே பார்க்கட்டும். மாலைகள்ல இருக்கிற நைலான் நூலையும் ஜிகினாத் தாளையும் பிரிச்சு எடுத்துட்டா, பூவையும் உரமாக்கலாம். அதுக்கும் தெரிஞ்ச பிள்ளைங்க வழி காட்டுவாங்க.

எதிர்ப்பு வரும்னு தெரியும். வழக்கமா வர்ற மூணு கேள்விக்கு என் பதில்.

தண்ணி வீணாகாதா? பினாங்கு நிறையத் தண்ணி செலவழிக்கிற மாநிலம். அதுலயும் பெரும்பகுதி கெடா எல்லையில ஓடுற மூடா ஆத்தை நம்பித்தான் இருக்கு. அதனால கவலைப்படுறது சரிதான். குழாயைத் திறந்து விட்டுக் கழுவினா வீண்தான். முதல்ல மிச்சத்தை வழிச்சு எடுத்துட்டு, சோப்புத் தொட்டி ஒண்ணு, அலசுற தொட்டி ரெண்டுன்னு மூணு தொட்டி முறையில கழுவினா தண்ணி ரொம்பக் குறையும். எண்ணெய் கால்வாய்க்குப் போகாம வடிகட்டி வைக்கணும். அண்டா கழுவுற இடத்துக்கே அது தேவைதான்.

அடுத்தவங்க சாப்பிட்ட தட்டுல எப்படிச் சாப்பிடுறது? மனசங்கடம் புரியுது. வெளியில சாப்பாட்டுக் கடையில நாம சாப்பிடுற தட்டும் அப்படித்தானே? கடைசியில கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்தா சுத்தம். அப்பவும் வேண்டாம்னா, வீட்டுல இருந்து தட்டு கொண்டு வாங்க. யாரும் தடுக்கப் போறதில்லை. அதுவும் ரொம்ப நல்லது.

பிள்ளைங்க வருவாங்களா? பேனர், டி-சட்டை இல்லாம, ராத்திரி நேரத்துல, எச்சில் தட்டு கழுவ? எல்லாரும் வர மாட்டாங்க. 40 பேர் வந்த இடத்துல ஆறு பேர்தான் வருவாங்க. நமக்குத் தேவையும் ஆறு பேர்தானே.

கல்லூரியில படிக்கிற தம்பி, தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. உங்க நிகழ்ச்சியை நடத்துங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா நிகழ்ச்சிக்கு டி-சட்டை அச்சடிக்கிற காசுல பாதியை எங்களுக்குத் தட்டு வாங்கித் தாங்க. அந்தத் தட்டு உங்களுக்குப் பிறகு வர்ற பத்து பேட்ச் மாணவர்களுக்கும் இங்கேயே இருக்கும். அறிக்கையில எழுத நல்ல விஷயமும் கிடைக்கும்.

கடைசியா ஒண்ணு. அப்பர் சுவாமிகள் சிலையை எல்லாரும் பார்த்திருப்பீங்க. கையில என்ன இருக்கும்? உழவாரப்படை. கோயில் கோயிலாப் போய்ப் புல்லைச் செதுக்கி, வளாகத்தைச் சுத்தம் செஞ்சவர். ஏழாம் நூற்றாண்டிலேயே அதைத் தொண்டுன்னு நமக்குக் காட்டிட்டுப் போனவர். அவர் ஒருநாள் செஞ்சுட்டுப் போயிருந்தா இன்னிக்கு வரைக்கும் அந்தக் கருவியோட அவரைச் சிலையா வெச்சிருக்க மாட்டாங்க. வயசான காலத்துலயும் விடாம செஞ்சார். உழவாரப் பணிங்கிற சொல்லுக்கே அதுதான் அர்த்தம். நம்ம காலத்து உழவாரம், ஒரு ஸ்பாஞ்சும் சோப்புமா இருக்கட்டுமே.

இதைப் படிக்கிறவங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். லைக் போட்டுட்டுப் போயிடாதீங்க. மாசத்துல எந்த வெள்ளிக்கிழமை, எத்தனை மணிக்கு நிக்க முடியும்னு கீழே எழுதுங்க. ஆம்பளைங்க முதல்ல எழுதுங்க. பேர் சேர்ந்தா அந்தப் பட்டியலோடயே கூட்டத்துக்குப் போறேன். தட்டு வாங்க உபயம் கொடுக்க ஆள் கிடைச்சிடும், அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. கைதான் வேணும்.

முருகன் துணை.